ஜாக் ஈலமின் இடக்கண்



இந்த இலக்கியத் தொடரிலே இதுவரை புலவர்களைப் பற்றியும் காப்பிய மாந்தரைப் பற்றியும் அறிஞர் பலர் பேசிச் சென்றனர். தமிழாசிரியனாகிய நானும் அவ்வழியே சென்று கண்ணகியையோ கும்பகர்ணனையோ எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் இன்று பேச வந்திருப்பது ஓர் அமெரிக்க நடிகரைப் பற்றி. குதிரையும் துப்பாக்கியுமாக வரும் 'கௌபோய்' கதைகளிலே, பெரும்பாலும் கதை முடிவதற்கு முன்னரே சுடப்பட்டு இறந்துபோகும் ஒருவர். அவர் பெயர் ஜாக் ஈலம். லகரம்தான், ழகரம் அன்று. வானொலியிலே கேட்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இலக்கிய நிகழ்ச்சியிலே இவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சிலப்பதிகாரத்திலே கோவலனுக்குப் பெயர் உண்டு, கண்ணகிக்கு உண்டு, மாதவியின் தோழி வசந்தமாலைக்குக்கூட உண்டு. ஆனால் கதையையே புரட்டிப்போட்ட பொற்கொல்லனுக்குப் பெயர் இல்லை. சங்கப் பாடல்களிலே எத்தனையோ தோழியர் பேசுகிறார்கள். ஒருத்திக்கும் பெயர் இல்லை. வகுப்பிலே இதனை ஒரு மாணவன் ஒருமுறை கேட்டான். அகப்பாட்டில் பெயர் சுட்டுவது மரபன்று என்று தோழிக்கு விடை சொன்னேன். பொற்கொல்லனுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. வேறொருவருடைய கதைக்குள் வந்து, அக்கதைக்கு வேண்டிய வேலையைச் செய்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். ஈலம் அந்த வேலையையே தொழிலாகக் கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்.

முதன்முதல் நான் அவரைக் கண்டது சிறுவயதில். ஊரிலே ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். மூன்று தமிழ்ப் படங்கள் முடிந்தபின், வாடகைக் காசு வீணாகக் கூடாதே என்று நான்காவதாக ஓர் ஆங்கிலப் படமும் ஓடும். பெரியவர்கள் உறங்கிப்போய்விடுவார்கள். அப்படி ஒரு விடியற்புறத்தில் ஓடியது, இத்தாலிய இயக்குநர் சேர்ஜியோ லியோனி 1968இல் எடுத்த 'ஒன்ஸ் அப்போன் எ டைம் இன் த வெஸ்ற்'. அப்போது படத்தின் பெயரும் தெரியாது, மொழியும் விளங்காது. ஆனால் தொடக்கக் காட்சி இன்றுவரை கண்ணுக்குள்ளே நிற்கிறது.

பாலைவனம் போன்ற வெளியிலே ஒரு புகையிரத நிலையம். மூன்று கொலைஞர்கள் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். பத்து நிமிடங்களுக்கு வேறொன்றும் நடப்பதில்லை. காற்றாடி கிறீச்சிடுகிறது. ஒருவனுடைய மொட்டைத் தலையிலே மேலிருந்து நீர் சொட்டுகிறது. அவன் தொப்பியைப் போட்டுக்கொள்ள, நீர் தொப்பி விளிம்பிலே சேர்கிறது. அவன் வூடி ஸ்ட்ரோட் என்ற நடிகர். மற்றொருவன் வாங்கிலே சாய்ந்திருக்கிறான். அவன் முகத்திலே ஓர் ஈ வந்து இருக்கிறது. கையால் விரட்டலாம், அதற்கும் பஞ்சி. வாயைக் கோணி ஊதுகிறான். ஈ போய் மறுபடியும் வருகிறது. கடைசியிலே துப்பாக்கியை எடுத்து, அதன் குழல் வாயால் அந்த ஈயைச் சுவரோடு அடைத்துவிடுகிறான். பின்பு குழலைக் காதருகே வைத்துக்கொண்டு, உள்ளே ஈ இரைவதைக் கேட்டுச் சிரிக்கிறான். அவன்தான் ஈலம். வண்டி வருகிறது, சார்ள்ஸ் புரொன்சன் இறங்குகிறார், மூவரும் சுடப்படுகிறார்கள். மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த படத்திலே அவருக்கு அவ்வளவுதான் இடம். கதாநாயகர் பிறகு என்னென்ன செய்தார் என்பது எனக்கு மறந்துபோயிற்று. ஈ மறக்கவில்லை.

அந்த முகத்திலே ஈயைவிட வேறொன்றையும் நான் கவனித்தேன். ஒரு கண் ஈயைப் பார்க்க, மற்றக் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சிலே வாக்குக்கண் என்போம். நடிப்புக்காக அப்படி வைத்திருக்கிறார் என்றே அன்று எண்ணினேன்.

அது நடிப்பன்று. ஜாக் ஈலம் 1920 நவம்பர் 13இல், அரிசோனா மாநிலத்தில் மயாமி என்ற சிறிய சுரங்க ஊரிலே பிறந்தவர். புளோரிடாவிலுள்ள பெரிய மயாமி வேறு. சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட்டார். சிறுவனாக இருந்தபோது, சாரணர் கூட்டமொன்றிலே இன்னொரு பையனுடைய பென்சில் அவரது இடக்கண்ணிலே பட்டது. பார்வை போய்விட்டது. கண் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் சொன்ன சொல் கேட்பதில்லை. அந்தக் கண் தன் விருப்பப்படிதான் போகும், அதை அடக்கத் தம்மால் இயலாது என்று பிற்காலத்திலே அவரே வேடிக்கையாகச் சொல்வார்.

அவர் நடிகராகப் புறப்பட்டவரும் அல்லர். கணக்கு அவரது தொழில். வங்கியிலே கணக்கெழுதினார், பின்னர் சாமுவேல் கோல்ட்வின் படநிறுவனத்திலே கணக்காய்வாளராக இருந்தார், ஒரு காலத்தில் ஹோட்டல் முகாமையாளராகவும் இருந்தார். ஹொலிவூட்டிலே ஒரு படத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது என்பதை உள்ளும் புறமும் அறிந்தவர். பேரேட்டுப் புத்தகங்களின் பொடி எண்களை ஒற்றைக் கண்ணால் இரவு பகலாகப் பார்த்துப் பார்த்து அந்தக் கண்ணும் களைத்தது. இந்த வேலையை விடாவிட்டால் உள்ள கண்ணும் போய்விடும் என்று வைத்தியர் சொன்னார். அப்போது அவர் முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். குடும்பஸ்தர்.

அதன்பின் நடந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படமெடுக்க நினைத்தவர்களுக்குப் பணம் புரட்டிக் கொடுக்கும் வழி அவருக்குத் தெரியும். அதைச் செய்து தருகிறேன், பதிலுக்குப் படத்திலே எனக்கொரு வில்லன் பாத்திரம் தாருங்கள் என்று பேசிக்கொண்டார். கதாநாயகன் வேடம் கேட்கவில்லை. தன் முகத்துக்கு என்ன விலை போகும் என்பதைக் கணக்காளர் சரியாகவே மதிப்பிட்டிருந்தார் என்று எண்ணத் தோன்றுகிறது. 1950இல் வந்த 'த சன்டவுனர்ஸ்', 'ஹை லோன்சம்' என்ற படங்களில் அவரைக் காணலாம். அடுத்த ஆண்டிலேயே ஹென்றி ஹாத்தவே இயக்கிய 'ரோஹைட்' வந்தது. கதாநாயகன் துப்பாக்கியைக் கீழே போடவேண்டும் என்பதற்காக, தத்தித் தத்தி நடக்கும் ஒரு குழந்தையைச் சுற்றிச் சுடுகிறான் டெவிஸ் என்ற கொள்ளைக்காரன். அவன்தான் ஈலம். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அவரை மன்னித்திருக்க மாட்டார்கள். தயாரிப்பாளர்கள் மறக்கவும் இல்லை. 1952இல் வந்த 'ஹை நூன்' படத்தில் சிறைக்கூண்டிலே கிடக்கும் குடிகாரனாக ஒரு நொடி வந்துபோவார். சண்டைக்கு முன் கேரி கூப்பர் அவனைத் திறந்துவிடுவார். பெயர்ப் பட்டியலிலே அந்த வேடத்துக்கு இடமில்லை.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். 1950களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியைக் கௌபோய்த் தொடர்கள் பிடித்துக்கொண்டன. 1959ஆம் ஆண்டளவில் இரவு நேரத்திலே வாரந்தோறும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தொடர்கள் ஓடின. 'கன்ஸ்மோக்' 1955 முதல் 1975 வரை இருபது ஆண்டுகள், 635 அங்கங்கள். 'பொனான்ஸா' பதினான்கு பருவங்கள். இந்தத் தொழிலின் இலக்கணத்தைச் சற்று விளங்கிக்கொள்ளவேண்டும். கதாநாயகன் ஒருவன்தான், அவன் சாகக் கூடாது. வாரந்தோறும் ஊருக்குள் ஒரு புதிய கெட்டவன் வரவேண்டும். அவன் வாரந்தோறும் சாகவேண்டும் அல்லது சிறை போகவேண்டும். அப்படியானால் ஒரு தொடருக்கு ஆண்டொன்றில் முப்பதுக்கு மேற்பட்ட வில்லன்கள் தேவை. இருபத்தைந்து தொடருக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள். அத்தனை முகங்களுக்கு எங்கே போவது? ஆகவே இறந்தவன் அடுத்த ஆண்டு வேறு பெயரோடு அதே ஊருக்குள் வருவான். அதே மார்ஷல் அவனை அடையாளம் காணமாட்டார். பார்க்கிறவர்கள் அடையாளம் காண்பார்கள். காண்பதிலே அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. ஈலம் கன்ஸ்மோக்கில் மாத்திரம் பல தடவை அப்படி வந்துபோனார். ஒட்டுமொத்தமாக 70க்கு மேற்பட்ட திரைப்படங்கள், 40க்கு மேற்பட்ட தொடர்கள் என்பர்.

நம்முடைய கூத்திலும் ஓரளவு இப்படித்தான். வரவு ஆடி வரும்போதே சபைக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். தெரியாதவன்போல இருப்பது கொலுவில் இருக்கும் ராசா மட்டுமே.

வானொலியிலே பேசுவதால் கன்ஸ்மோக் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். அது முதலில் வானொலித் தொடர், 1952இல் தொடங்கியது. மார்ஷல் மாற் டில்லன் என்ற கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கொன்ராட். கனத்த, ஆழமான குரல். தொலைக்காட்சிக்குக் கதை போனபோது அவரை எடுக்கவில்லை. அவர் உடல் பருத்தவர். ஆறடி ஏழங்குல ஜேம்ஸ் ஆர்னஸ் மார்ஷல் ஆனார். கொன்ராட் 1961 வரை வானொலியிலேயே அதே பாத்திரத்தைத் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஒரே மார்ஷலுக்குக் குரல் ஓரிடம், உருவம் ஓரிடம். அதே தொலைக்காட்சித் தொடரிலே செஸ்ரர் என்ற உதவியாளன் ஒரு காலை மடக்காமல் நொண்டி நடப்பான். அதை நடித்த டென்னிஸ் வீவருக்குக் கால்களில் எந்தக் குறையும் இல்லை. கல்லூரிக் காலத்திலே பேர்பெற்ற மெய்வல்லுநர் அவர். அந்த வேடத்துக்காக 1959இல் எமி விருதும் பெற்றார். இல்லாத ஊனத்தை ஒருவர் பூண்டுகொண்டார்; நாம் அதைக் கலை என்கிறோம். உள்ள ஊனத்தோடு ஒருவர் வந்து நின்றார். அவருக்குக் கொலைகாரன் வேடம் கொடுத்தார்கள்.

இந்த இடத்திலே என்னுடைய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் படிப்பித்த பாடசாலையொன்றில் தமிழ்மொழித் தினத்துக்காகப் புராண நாடகம் ஒன்று எழுதி மேடையேற்றினேன். ஆண்டு எட்டிலே வாக்குக்கண் உள்ள பையன் ஒருவன் இருந்தான். அவனை அழைத்து அசுரனின் ஏவலாளன் வேடத்தைக் கொடுத்தேன். ஏன் அவனைத் தெரிவுசெய்தேன் என்று எவரும் கேட்கவில்லை, எவருக்கும் தெரிந்ததுதான். பையன் நன்றாக நடித்தான். அவன் மேடைக்கு வந்து திரும்பிப் பார்த்தவுடனேயே மண்டபம் சிரித்தது. எங்களுக்குப் பரிசும் கிடைத்தது. அடுத்த ஆண்டு பாத்திரத் தெரிவு நடந்தபோது அவன் ஆசிரியர் அறை வாசலிலே வந்து நின்றான். "சேர், இந்த முறை என்னைப் புலவராப் போடுவீங்களோ? வசனம் முழுக்கப் பாடமாக்கிப்போட்டன்" என்றான். நான் சிரித்துக்கொண்டு, "உனக்கு அசுரன்தான்ரா பொருத்தம்" என்றேன். பக்கத்தில் இருந்த ஆசிரியர்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஒத்திகைக்கு வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று வேறொருவனைப் போட்டேன்.

வகுப்பிலே மெய்ப்பாட்டியல் படிப்பிப்பவன் நான். அச்சம் பிறக்கும் இடங்களுள் கள்வரையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்திருக்கிறார்; நகை பிறக்கும் நான்கினுள் பேதைமை ஒன்று, எள்ளல் இன்னொன்று. அந்த மண்டபத்திலே பிறந்த நகை எந்த வகையைச் சேர்ந்தது என்று பரீட்சையில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் எழுதியிருப்பேன்.

ஈலமுக்கும் ஒருநாள் வாசலுக்கு அப்பால் போகும் வாய்ப்புக் கிடைத்தது. 1963இன் தொடக்கத்தில் 'த டக்கோட்டாஸ்' என்ற தொடர் வந்தது. அதிலே திருந்திய துப்பாக்கிக்காரனாக, சட்டத்தின் பக்கம் நிற்கும் உதவி மார்ஷலாக அவர் நடித்தார். பாத்திரத்தின் பெயர் ஜே. டி. சிமித். முதன்முறையாக வாரந்தோறும் சாகாமல் வந்தார். ஆனால் தேவாலயத்துக்குள் துப்பாக்கிச் சண்டை நடப்பதாகக் காட்டிய ஓர் அங்கத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. தொடர் மே மாதத்தோடு நின்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் 'டெம்பிள் ஹூஸ்டன்' தொடங்கியது. ஜெப்ரி ஹன்டர் வழக்கறிஞர்; ஈலம் மார்ஷல் ஜோர்ஜ் டகார்ட். அது ஒரு பருவத்தோடு முடிந்தது. 1974இல் 'த டெக்சஸ் வீலர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரிலே தாயில்லாப் பிள்ளைகளின் பொறுப்பற்ற தந்தை. பிள்ளைகளில் ஒருவராக நடித்தவர் பின்னாளில் 'ஸ்ரார் வோர்ஸ்' படத்தால் உலகப் புகழ் பெற்ற மார்க் ஹமில். அதுவும் சில வாரங்களே. தம் பெயரைத் தாங்கி நிற்கும் தொடர் என்ற பாக்கியம் அவருக்கு நிலைக்கவேயில்லை. விருந்தாளியாகப் போன வீடுகளிலேதான் அவருக்கு வாழ்வு.

மாற்றம் வந்தது வேறு வழியால். 1961இல் 'ருவைலைற் ஸோன்' தொடரில், பனிப்புயலில் அடைபட்ட பயணிகள் ஒரு தேநீர்க்கடையில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவர், அவர் யார் என்பது கேள்வி. எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கொண்டு கண்ணை உருட்டும் கிழவனாக ஈலம் வருவார். பார்த்தவர்களுக்கு அவர்மேல்தான் சந்தேகம் போகும். அவர் அல்லர். தோற்றத்தைப் பார்த்து ஆளை முடிவுகட்டும் நம் பழக்கத்தை அந்தக் கதை நன்றாக ஏமாற்றியிருக்கிறது.

பின்னர் 1969இல் பேர்ட் கென்னடி இயக்கிய 'சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிப்'. ஜேம்ஸ் கார்னர் கதாநாயகன். ஈலமுக்கு ஜேக் என்ற பாத்திரம்; ஊரிலே குதிரைச் சாணம் அள்ளித் திரிகின்ற, எவரும் ஒரு பொருட்டாக மதிக்காத ஒருவன். ஷெரிப் அவனை உதவியாளனாக்குகிறார். கொள்ளைக்காரர்கள் முன் அவன் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது, அதே கண் அதே மாதிரித்தான் பார்க்கிறது. ஆனால் இப்போது நாம் அவனுக்குப் பயப்படவில்லை, அவனுக்காகப் பயப்படுகிறோம். ரோஹைட்டில் குழந்தையைச் சுற்றிச் சுட்டவனும் இவனும் ஒரே ஆள். முகத்திலே எதுவும் மாறவில்லை. யாரோ ஒருவர் வேறு வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். 1971இல் அதே குழுவினர் எடுத்த இன்னொரு படத்திலும் அவர் நகைச்சுவை வேடமே செய்தார். அதன்பின் வயது போகப் போக அவருக்குக் கோபக்காரக் கிழவன், கனிந்த கிழவன், 'கனன்போல் ரன்' படத்திலே பைத்தியக்கார வைத்தியர் என்று வந்தன.

நடிகனின் வாழ்க்கைக்கு ஐந்து படிகள் என்று ஒரு வேடிக்கையை அவர் சொல்வதுண்டு. முதலில், ஈலமா, அது யார் என்பார்கள். அடுத்து ஈலமைக் கூட்டிவா என்பார்கள். அப்புறம் ஈலம் மாதிரி ஒருவன் வேண்டும் என்பார்கள். பிறகு ஈலமின் இளமைத் தோற்றம் உள்ளவன் வேண்டும் என்பார்கள். கடைசியில் மறுபடியும், ஈலமா, அது யார் என்பார்கள். வேறு நடிகர்களின் பெயரிலும் இக்கதை வழங்குகிறது. ஆனால் ஈலம் மாதிரி ஒருவனை எங்கே தேடுவது? பென்சிலோடு தேடவேண்டியதுதான்.

1994இல் ஒக்லஹோமா நகரிலுள்ள கௌபோய் நூதனசாலையிலே, புகழ்பெற்ற நடிகர்களின் வரிசையில் அவரையும் சேர்த்துக் கௌரவித்தார்கள். கடைசிக் காலத்தை ஒரேகன் மாநிலத்து ஆஷ்லன்ட் நகரிலே கழித்து, 2003 ஒக்டோபர் 20இல் காலமானார்.

என்னுடைய மாணவனைச் சென்ற ஆண்டு ஒரு கோயில் திருவிழாவிலே கண்டேன். ஒலிபெருக்கியும் மின்விளக்கும் வாடகைக்கு விடும் தொழில் செய்கிறான். நான் பேச வந்த மேடைக்கு ஒலிவாங்கி கட்டியவனே அவன்தான். "சேர், ஞாபகமோ?" என்றான். அந்த ஏவலாளனின் வசனத்தை அங்கேயே சொல்லிக் காட்டிச் சிரித்தான். ஒரு சொல்லும் பிசகவில்லை. புலவருடைய வசனமும் இன்னும் பாடமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் விழாத் தலைவர் என் பெயரை அழைத்துவிட்டார். அவன் ஒலிவாங்கியின் உயரத்தை எனக்கு அளவாகச் சரிசெய்துவிட்டு இறங்கிப் போனான்.

நான் சொன்ன 1969ஆம் ஆண்டுப் படத்தின் முடிவிலே ஒரு காட்சி உண்டு. கதாநாயகனும் கதாநாயகியும் போனபின், ஜேக் நெஞ்சிலே ஷெரிப் பட்டயத்தோடு ஒளிப்படக் கருவியை நேரே பார்த்து எங்களோடு பேசுகிறான். மற்ற இருவருக்கும் திருமணம் நடக்கப்போகிறதாம், கதாநாயகன் அந்த மாநிலத்துக்கு ஆளுநர் ஆவானாம். தானோ அந்த ஊரின் ஷெரிப்பாகி, மேற்கு நாட்டுக் கதைகளிலே எல்லாராலும் விரும்பப்படும் ஒருவனாகத் திகழப்போகிறானாம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். ஒரு கண் எங்களைப் பார்க்கிறது. மற்றது அப்பால் பார்க்கிறது.